நாலாவது வைராக்கியம்

வா மருமவனே, உக்காரு. இந்தத் திண்ணைக்கு முன்பணமும் கிடையாது, மாசத் தவணையும் கிடையாது. தைரியமா உக்காரலாம்.

முதல்ல உன்னைப் பாராட்டிக்கிறேன். நம்ம வம்சத்துல உனக்கு முன்னாடி யாரையும் பம்பாயில இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. உன்னை மட்டும் காலையில எட்டு மணி அடிச்சதும் ஒரு பிள்ளை கூப்பிடுது. "சார்"ங்குது. "எப்ப சார் கட்டுவீங்க"ன்னு தேன் ஒழுகக் கேக்குது. உங்க அத்தை என்னைக் கட்டின நாள்ல இருந்து ஒரு தடவையாவது "சார்"னு கூப்பிட்டிருப்பாளா? அந்த மரியாதைக்கு மாசம் பதினெட்டாயிரம் குடுக்கிறதுல தப்பே இல்ல.

என்ன கேட்ட? "மாமா, கடனை எல்லாம் அடைச்சிரணும்னு திடீர்னு ஒரு வெறி வருது. ரெண்டு மாசம் நிக்குது. மூணாவது மாசம் எங்க போகுதுன்னே தெரியல. அந்த வெறியைப் பிடிச்சு நிறுத்த என்ன வழி?" இதானே? நல்ல கேள்வி. துட்டு கேப்பியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். புத்திதான் கேக்குற. அது என்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு, யாரும் வாங்குறதில்ல.

பெரியவுக மூணு வைராக்கியம் சொல்லுவாக. பிள்ளை பெத்த வலியில "இனி இந்த மனுசன் பக்கம் திரும்ப மாட்டேன்"னு வர்றது பிரசவ வைராக்கியம். அடுத்த பிள்ளை வந்து அதைப் பொய்யாக்கிரும். கோயில்ல கதாகாலட்சேபம் கேட்டு "எல்லாம் மாயை"ன்னு வர்றது புராண வைராக்கியம். வேட்டியில ஒட்டின மண்ணைத் தட்டுறதுக்குள்ள அது போயிரும். பிணம் வேகையில "என்னத்தைக் கொண்டு போகப் போறோம்"னு வர்றது மசான வைராக்கியம். தலை முழுகிட்டு வந்து காப்பி கேக்கையில, அதுல சீனி பத்தலைன்னு சண்டை போடுவான்.

நீ நாலாவதா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்க. தவணை வைராக்கியம். அஞ்சாந்தேதி "உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை"ன்னு செல்லுல செய்தி வரும், அபராதமும் பிடிப்பான். அந்த நிமிசம் பிறக்குது உன் வைராக்கியம். "இனி ஒரு டீ கூட வெளியில குடிக்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணுற. பத்தாந்தேதி தீப்பெட்டி ஆபீஸ்ல சம்பளம் போட்டதும் அது காலமாயிருது. ரெண்டு மாசம் நிக்குதுன்னு நீதான் சொல்லுற, உண்மையில அதுக்கு ஆயுசு அஞ்சே நாள். பதினோராந்தேதி நீ புரோட்டாக் கடையில உக்காந்து ரெண்டாவது ஆஃபாயிலுக்குச் சொல்லிக்கிட்டு இருக்க.

அதனால முதல் புத்தி இது: வைராக்கியத்தை நம்பாத. வைராக்கியம் இல்லாத நாள்லயும் துட்டு தானா போய்ச் சேர்ற மாதிரி ஏற்பாடு பண்ணு. அந்த வித்தையை உனக்குச் சொல்லித்தர வாத்தியார் வேண்டாம், தினமும் உன் வாசலுக்கே ஒருத்தர் வந்து நடத்திக் காட்டிட்டுப் போறார்.

ஆமா, தண்டல்காரரைத்தான் சொல்லுறேன். சாயங்காலம் ஆறரைக்கு டிவிஎஸ் எக்செல் சத்தம் கேக்குதா? வண்டியை நிறுத்த மாட்டார், ஒரு காலை ஊனிக்கிட்டு நிப்பார். சட்டைப் பையில ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு. உன் அட்டையைச் சீட்டுக்கட்டு வித்தைக்காரன் கணக்கா உருவுவார். அட்டை பூராவும் கட்டம் கட்டமா கோடு, கட்டத்துக்குள்ள தேதி, தேதிக்குப் பக்கத்துல ஒரு கிறுக்கல். 10,000 ரூபாய்னு எழுதிக்கிட்டு, முன்கூட்டியே பிடிச்சது போக உன் கையில 8,500 குடுத்தார். நாளைக்கு 100 வீதம் நூறு நாள். பார்க்க 1,500 ரூபாய்தான் வட்டின்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசல் திரும்பி வந்துக்கிட்டே இருக்கு. வருசக் கணக்குல போட்டா 100 சதவீதத்தைத் தாண்டி எங்கயோ நிக்கும்.

அந்த வட்டியை அப்புறம் வைவோம். இப்ப வேற ஒண்ணு பாரு. இத்தனை நாள்ல ஒருநாளாவது நீ அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு எனக்குக் கடன் கட்டுற ஊக்கமே இல்ல, மனசு ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொல்லியிருக்கியா? காய்ச்சல்ல படுத்திருந்தப்பயும் பிள்ளைகிட்ட நூறு ரூபாயைக் குடுத்து வாசலுக்கு அனுப்பினியே! வருசம் பூராவும் "ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க முடியல மாமா"ன்னு புலம்புறவன், நாள் தவறாம நூறு ரூபாய் எண்ணிக் குடுத்திருக்க. துட்டு இருந்திருக்கு, மருமவனே. வாங்க ஆள் வந்தா குடுக்கிற, வரலைன்னா தின்னுருற.

அவர் வித்தையில மூணு சங்கதி இருக்கு. கையில துட்டு புழங்குற நேரம் பார்த்து வர்றார். கொஞ்சமா கேக்குறார். எத்தனை கட்டம் முடிஞ்சது, எத்தனை பாக்கிங்கிறதை உன் கண்ணுல காட்டிட்டுப் போறார். இந்த மூணையும் திருடிக்கோ. திருட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன்தானே உங்க அப்பன், உனக்கு வராமலா போகும்!

சம்பளம் பத்தாந்தேதி ஏறுதா? தவணைத் தேதி அஞ்சுன்னு எவன் வச்சான்? பேங்குல எழுதிக் கேளு, நிறைய இடத்துல மாத்திக் குடுக்கிறாக. பதினோராந்தேதி விடியறதுக்குள்ள கணக்குல இருந்து அதுவா போயிரட்டும். நீ புரோட்டாக் கடைக்குப் போகும்போது பையில மிச்சம்தான் இருக்கணும். அப்புறம், போன வருசத்துச் சிவகாசிக் காலண்டர் அட்டை ஆணியில தொங்குதில்ல? தாளெல்லாம் கிழிச்சாச்சு, முருகன் படம் மட்டும் இருக்கு. அதைத் திருப்பி வெள்ளைப் பக்கத்துல நூறு கட்டம் போடு. அடைக்க வேண்டியதை நூறாப் பிரி. ஒவ்வொரு பங்கு கட்டினதும் ஒரு கட்டத்தை அடிச்சு விடு. பீரோவுக்குள்ள வைக்காத. சோறு திங்கிற இடத்துல மாட்டு. முருகன் கொஞ்ச நாளைக்குச் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும், கோவிச்சுக்க மாட்டார்.

சரி, எத்தனை கடன்? முதல்ல "ஆறு"ன்ன. செல்லை எடுத்துத் தடவிட்டு "ஏழு"ன்ன. பெத்த பிள்ளைகளை எண்ணுறவன் இப்பிடித் தடுமாறினா ஊர் சிரிக்கும். சொல்லு: பேங்குல தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, பைக்கு, செல்லு, அடகு வச்ச நகை, செல்லுல ஆப்புக்காரன் குடுத்த கடன், தண்டல். ஏழாச்சு. ஒண்ணு விட்டுப்போச்சு, பரவாயில்ல, நானே ஞாபகப்படுத்துறேன்.

ஒரு தாள்ல இதை எல்லாம் எழுது. யார்கிட்ட, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, என்னைக்கு முடியும். எழுதும்போது வயித்தைக் கலக்கும். அதுக்குத்தான் நீ இதுவரைக்கும் எழுதல. எழுதி முடிச்சதும் கலக்கம் பாதி நின்னுரும், ஏன்னா இனி அது ஒரு தொகை. நேத்து வரைக்கும் அது ராத்திரி ரெண்டு மணிக்கு உன் நெஞ்சு மேல ஏறி உக்காந்த பேய்.

கார்டுல 50,000 நிக்குதுன்ன. மாசம் 3.5 வட்டி, வருசத்துக்கு 42. "ஒழுங்கா மினிமம் டியூ கட்டிருறேன் மாமா"ன்னு நெஞ்சை நிமித்தின பாரு, அங்கனதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நூத்துக்கு அஞ்சுன்னு வச்சா மினிமம் 2,500. அதுல வட்டி 1,750. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 315. ஆக 2,065 ஆவியாப் போச்சு. கடன்ல கழிஞ்சது 435 ரூபாய். அந்த 435-க்கும் மறுநாள் அதே கார்டைத் தேய்ச்சு பிள்ளைக்குக் கேக்கு வாங்கிட்ட. பாக்கி வச்ச மாசம், புதுசா வாங்குற சாமானுக்கு வட்டியில்லாத நாள் சலுகையும் கிடையாது. கேக்குக்கும் வாங்கின அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிருச்சு. மெழுகுவத்தி அணையுறதுக்கு முன்னாடியே!

பைக்குக் கடன் 1,00,000. "12 வட்டிதான் மாமா, சல்லிசு"ன்ன. எப்பிடிப் போட்டான்னு கேட்டியா? மூணு வருசத்துக்கும் முழு லட்சத்துக்கே வட்டி போட்டு 36,000-ஐ முதல்லயே கூட்டி, 36-ஆல வகுத்து மாசம் 3,778-ன்னு எழுதிட்டான். நீ மாசாமாசம் அசலைக் குறைச்சுக்கிட்டு வர்ற, அவன் வட்டி மட்டும் குறையவே மாட்டேங்குது. குறையுற அசலுக்குக் கணக்குப் பார்த்தா அந்த 12 உண்மையில 21-ஐத் தாண்டுது. இதுக்குத்தான் 'பிளாட்' வட்டின்னு பேரு. வாங்கினவன் தட்டையாயிருவான்.

பேங்குக் கடன் 2 லட்சம், 16 வட்டி, அஞ்சு வருசம். மாசம் 4,864. முதல் மாசம் கட்டினதுல 2,667 வட்டிக்குப் போச்சு, 2,197-தான் அசலுக்கு. அஞ்சு வருசமும் இப்பிடியே கட்டினா மொத்தம் 2,91,800 சொச்சம். முதல்ல இருந்தே மாசம் 1,000 கூடக் கட்டினா? அறுபது மாசக் கடன் நாற்பத்தாறு மாசத்துல முடியும். 23,000 ரூபாய் வட்டி மிச்சம். கூடக் கட்டுறதுக்கு அபராதம் உண்டா, எத்தனை தடவை கட்டலாம்னு கடன் பத்திரத்துல பாரு, பேங்குலயும் கேளு. கடன் வாங்கும்போது எத்தனை தடவை அந்தப் படி ஏறின? கட்டுறதுக்கு ஒரு தடவை ஏறினா கால் தேஞ்சிராது.

இப்ப எதை முதல்ல அடைக்கிறது? இங்கனதான் படிச்சவுக ரெண்டு கட்சி. கூட வட்டி எதுவோ அதை முதல்ல வெட்டுன்னு ஒரு கட்சி. கணக்குப்படி அதுதான் சரி, அதை யாரும் மறுக்க முடியாது. தொகை சின்னது எதுவோ அதை முதல்ல முடின்னு இன்னொரு கட்சி. என் பேத்தி காலேஜ் புத்தகத்துல படிச்சுச் சொன்னா: அமெரிக்காவுல டேவிட் கால், பிளேக்லி மக்ஷேன்னு ரெண்டு பேரு, கடன்ல முங்கினவுக கணக்கை எல்லாம் புரட்டிப் பார்த்து 2012-ல எழுதியிருக்காகளாம். மொத்தக் கடன்ல எத்தனை பங்கு ரூபாய் குறைச்சாகங்கிறதைவிட, எத்தனை கணக்கை முழுசா முடிச்சாகங்கிறதுதான் அவுக கடைசி வரைக்கும் போய்க் கரையேறுவாகளான்னு காட்டிக் குடுத்துச்சாம். ஒண்ணு முடிஞ்சா மனுசனுக்கு அடுத்ததை முடிக்கக் கை துறுதுறுங்கும்.

நான் ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுறேன். முதல்ல ஒரே ஒரு சின்னக் கடனை முழுசா முடி, மனசுக்கு. அப்புறம் தண்டல், ஆப்பு, கார்டுன்னு வட்டி கூடினதா வரிசையா வெட்டு, மடிக்கு. ஒண்ணு முடிஞ்சதும் அதுக்குக் கட்டிக்கிட்டு இருந்த துட்டை அப்பிடியே அடுத்ததோட சேரு. அந்தத் துட்டு வீட்டுக்குள்ள வந்து உக்கார இடம் குடுக்காத.

உன் பட்டியல்லயே சின்னக் கடன் எதுன்னு யோசிக்கிறியா? செல்லா? ஆப்பா? ரெண்டும் இல்ல. போன கோயில் கொடைக்கு "மாமா, ஒரு வாரத்துல தந்துருறேன்"னு என்கிட்ட வாங்கின 3,000. அதான் அந்த எட்டாவது. அமெரிக்காக்காரனே சின்னதை முதல்ல முடிக்கச் சொல்லிட்டான், நான் என்ன செய்யட்டும்? எனக்காகக் கேக்கல மருமவனே, உன் ஊக்கத்துக்காகக் கேக்குறேன்.

நடுவுல ஒரு இடம் வரும். தொடங்கின சூடும் ஆறியிருக்கும், முடியுற இடமும் கண்ணுக்குத் தெரியாது. அங்கனதான் முக்காவாசிப் பேர் கவுந்திருக்காக. எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போன வண்டி மாட்டைப் பார்த்தவனுக்கு இது தெரியும். போகும்போது தார்க்குச்சி எடுத்தாலும் அசையாது. திரும்பி வரும்போது ஊர்க் கம்மாய் தெரிஞ்சதும், வண்டிக்காரன் தூங்கினாலும் அது ஓடும். முடிவு பக்கத்துல தெரிஞ்சா எந்த உசுருக்கும் கால் வேகமாகும். 1932-லேயே கிளார்க் ஹல்னு ஒருத்தர் எலியை வச்சு இதை எழுதிட்டாராம். மாட்டை வச்சிருந்தார்னா பால் செலவாவது மிச்சம். அதனால அஞ்சு வருசத்துக்கு அங்கிட்டு இருக்கிற கம்மாயைப் பக்கத்துல கொண்டு வா. "ரெண்டு லட்சம் அடைக்கணும்"னு நினைக்காத. "பொங்கலுக்குள்ள இருபது கட்டம்"னு நினை. பொங்கல் முடிஞ்சதும் "சித்திரைப் பொறப்புக்குள்ள இன்னொரு பத்து".

மிச்ச நகையையும் வச்சுக் கார்டை அடைச்சா என்னன்னு கேட்ட. கெட்டிக்காரக் கேள்விதான். பேங்குல நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில கால்வாசிச் சுத்துலதான் இருக்கும். கணக்குச் சரி, ஆளுதான் சரியில்ல. கார்டை அடைச்ச அன்னைக்கே அதைக் கத்தரிக்கோலால வெட்டி, கணக்கையும் மூடச் சொல்லி எழுதிக் குடுத்தா நீ ஜெயிச்ச. "அவசரத்துக்கு இருக்கட்டும்"னு பீரோவுல வச்சா, ஆறு மாசத்துல நகையும் அடகுல, கார்டும் பழையபடி ஐம்பதாயிரத்துல. உன் பொண்டாட்டி கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும் மிஞ்சும். வருசாவருசம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பித் திருப்பி வைக்கிறதும் அடைக்கிறதுல சேராது. அது நகைக்கு வாடகை கட்டுறது, அதுவும் போட்டுக்க முடியாத நகைக்கு.

இன்னொரு கூட்டம் இருக்கு, தேர்தலைப் பார்த்துக்கிட்டு. "தள்ளுபடி வரும்"னு டீக்கடையில சத்தியம் பண்ணும். வந்ததுண்டு, இல்லைங்கல. 2006-ல கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி பண்ணுனாக. 2008-ல டெல்லியில இருந்து விவசாயக் கடனுக்கு வந்துச்சு. 2021-ல கூட்டுறவுல வச்ச 5 பவுன் வரைக்குமான நகைக்கடன், அதுவும் ஆயிரம் நிபந்தனை பார்த்து. நீ சொல்லு, புரோட்டாவுக்குத் தேய்ச்ச கிரெடிட் கார்டை எந்தக் கட்சி எந்த அறிக்கையில தள்ளுபடி பண்ணியிருக்கு? எவனாவது பண்ணுனா சொல்லியனுப்பு, நானும் ஒரு கார்டு வாங்கிக்கிறேன்.

ஊக்கம் ஊக்கம்னு தேடுறியே, உன்கிட்ட ரோஷம் மூட்டை மூட்டையாக் கிடக்கு. அதைச் செலவழிக்கிற இடம்தான் தப்பு. பிள்ளைக்குக் காதுகுத்து வச்சப்ப, பங்காளி எட்டடியில பிளக்ஸ் வச்சான்னு நீ பன்னெண்டு அடியில வச்ச. அதுல குழந்தை படம் தம்மாத்துண்டு, உன் படம் கூலிங்கிளாஸோட ஆளுசரத்துக்கு. பேங்குக் கடன்ல பாதி அந்தப் பந்தல்ல போச்சு. அன்னைக்கு வந்த மொய்யை மட்டும் நோட்டுல எழுதி வச்சு, ஒவ்வொருத்தன் வீட்டு விசேசத்துக்கும் தேடிப்போய்க் கூடப் போட்டுத் திருப்பிச் செய்யுற. ஏன்? மைக்குல பேர் வாசிப்பான். வாசிக்கலைன்னா கௌரவம் போயிரும். புதுக்கோட்டைப் பக்கம் இதுக்குன்னே மொய்விருந்து போட்டு, வட்டியில்லாத துட்டை லட்சக்கணக்குல ஒருத்தருக்கொருத்தர் சுத்த விடுறாக. அங்கயும் காவல் காக்கிறது அந்த நோட்டும் ரோஷமும்தான்.

அந்த மைக்கை இங்கிட்டுத் திருப்பு. உன் கடனைக் கேக்க ரெண்டு காது வேணும். யார் காதுன்னா கேக்குற? உன் பொண்டாட்டி காதுதான். அவளுக்குத் தெரியாம மறைச்சிருக்கிறதா நினைக்கிற. செல் அடிச்சதும் நீ தலையணைக்கு அடியில தள்ளுறதை அவ பார்க்கலைன்னு நினைச்சியா? கடன்னு தெரிஞ்சா திட்டுவா. தெரியாததால வேற என்னமோன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அந்தச் சந்தேகத்துக்கு இந்தத் திட்டு எவ்வளவோ மேல்.

அவளைச் சாதாரணமா எண்ணிராத. மகளிர் சுய உதவிக் குழுவுல கடன் எடுத்து மாடு வாங்கினாளே, ஒரு தவணை தவறியிருக்காளா? இந்தக் குழு ஏற்பாடு நம்ம ஊர்ப்பக்கம் வர்றதுக்கு முன்னாடியே 1989-ல தருமபுரியில தொடங்கினது. பத்துப் பன்னெண்டு பொம்பளைக வட்டமா உக்காந்து, கணக்கு நோட்டை நடுவுல வச்சு, சத்தமா வாசிச்சுக் கட்டுறாக. ஒருத்தி திணறினா இன்னொருத்தி அந்த வாரம் தாங்குறா, மறுவாரம் வாங்கிக்கிறா. அங்க யாரும் ஊக்கத்தைப் பத்திப் பேசி நான் கேட்டதில்ல. ஊர்ல மானஸ்தன்னு பேரெடுத்த ஆம்பளை நீ ஏழு பேருக்குத் தலைமறைவு. எழுதின தாளை அவகிட்ட குடு. சம்பளம் வந்ததும் பிரிச்சுக் கட்டுற பொறுப்பையும் குடு. பதினோராந்தேதி புரோட்டாவுக்கு அவ கையில துட்டு கேட்டுப் பாரு. உன் வைராக்கியத்துக்கு ஆயுசு நீளும்.

இந்த ஒரு இடத்துல கேலியை எடுத்து ஓரமா வச்சிட்டுச் சொல்லுறேன். கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டின்னு எவன்கிட்டயாவது கை நீட்டியிருந்தா இப்பவே சொல்லு. 2017-ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல புருசன், பொண்டாட்டி, ரெண்டு பச்சைப் பிள்ளைகன்னு ஒரு குடும்பமே தீயில போச்சு. எந்தக் கடனும் அந்த விலை பெறாது. இதுக்குன்னு 2003-லேயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. அநியாய வட்டி வாங்கினா மூணு வருசம் வரைக்கும் ஜெயில், 30,000 வரைக்கும் அபராதம். மிரட்டினா ஒளியாத, என்னைக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்கு வா. பேங்குக்காரன் ஆளா இருந்தாலும் காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. கடன்காரனுக்கும் தூங்க உரிமை உண்டு.

அப்புறம், மாசம் எல்லாம் ஒரே மாசமா இருக்காது. ஜூன்ல பள்ளிக்கூடத்துக்குக் கட்டணும். ஐப்பசியில தீபாவளி. நடுவுல கோயில் கொடை, மச்சினன் வீட்டு விசேசம். இது எல்லாம் போன வருசமும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருசமும் வந்துச்சு. நீ மட்டும் வருசாவருசம் "எதிர்பாராத செலவு மாமா"ன்னு வந்து நிக்கிற. தீபாவளி எந்த வருசம்ல உன்கிட்ட சொல்லாம வந்துச்சு? கடனுக்குக் கட்டுறதுல ஒரு சின்னப் பங்கைத் தபாலாபீஸ்லயோ உன் பொண்டாட்டி அரிசிப் பானையிலயோ ஒதுக்கி வை. பிள்ளைக்குக் காய்ச்சல்னா அங்க கை போகட்டும். ஆப்புக்காரன்கிட்ட போக வேண்டாம். ஒரு மாசம் கட்டத்தை அடிக்க முடியலைன்னா, அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும், அட்டையைக் கிழிக்காத. ஒரு நாள் தவறினதுக்கு நூறு நாளையும் தூக்கி எறியுற வீரம் நம்ம குடும்பத்துல ஜாஸ்தி.

ஒரு கணக்கு முடிஞ்சா கொண்டாடணும், வேண்டாம்னு சொல்லல. கோவில்பட்டி பஜாருக்குப் போய்க் கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கு, பிள்ளைகளோட உக்காந்து தின்னு. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, உன் கௌரவத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. போன தடவை நீ கொண்டாடின லட்சணம் எனக்குத் தெரியும். பழைய செல்லுத் தவணை முடிஞ்ச சந்தோசத்துல, அன்னைக்குச் சாயங்காலமே தவணையில டிவி எடுத்துட்டு வந்த.

முடிக்கும்போதும் சூதானம். "இவ்வளவு குடுங்க, மிச்சத்தை விட்டுருறோம், செட்டில்மென்ட்"னு இனிக்க இனிக்கப் பேசுவான். வேற வழியே இல்லாதவனுக்கு அது சரி. கட்ட முடியுறவனுக்கு அது வேண்டாம். சிபில் அறிக்கையில "முடிஞ்சது"ன்னு இருக்க வேண்டிய இடத்துல "செட்டில் ஆனது"ன்னு நிக்கும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகையில அந்த ஒரு சொல்லு குறுக்க உக்காரும். முழுசாக் கட்டினா, பாக்கி இல்லைன்னு சான்று எழுத்துல வாங்கு. பைக்குன்னா ஆர்சி புக்குல கடன் குடுத்தவன் பேரை நீக்கு. நகைன்னா அங்கயே நிறுத்துப் பார்த்து வாங்கு. தண்டல்னா அந்த அட்டையை வாங்கிட்டு வந்துரு, அதுல எல்லாக் கட்டத்துலயும் கிறுக்கல் இருக்கான்னு பார்த்துட்டு.

எல்லாம் முடிஞ்ச மறுமாசம்தான் உனக்கு உண்மையான பரீட்சை. மாசம் பதினெட்டாயிரம் கையில நிக்கும், நமைச்சல் எடுக்கும். அந்தப் பதினோராந்தேதி ஏற்பாட்டைக் கலைக்காத. வாங்குற பேரை மட்டும் மாத்தி, உன் பேர்ல தபாலாபீஸ் தொடர் வைப்பு போடு. இவ்வளவு நாள் ஊரான் வட்டிக்கு ஓடின வண்டி, கொஞ்ச காலம் உன் வீட்டுக்கு ஓடட்டும்.

அப்ப பம்பாய்ப் பிள்ளை மறுபடியும் கூப்பிடும், பார்த்துக்கோ. 300-ல இருந்து 900 வரைக்கும் போற சிபில் மார்க்குல நீ 780 எடுத்திருப்ப. பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கு. "சார், உங்களுக்காகவே அஞ்சு லட்சம் முன்கூட்டியே ஒப்புதல் ஆகி ரெடியா இருக்கு, ஒரு ஓகே மட்டும் சொல்லுங்க சார்"ங்கும். கோவமாப் பேசாத, பாவம், அதுவும் சம்பளத்துக்குத்தான் பேசுது. "எங்க மாமாவைக் கேட்டுத்தாம்மா சொல்லணும்"னு சொல்லி என் நம்பரைக் குடுத்துரு. நான் கருசக்காட்டுல மழை இல்லாத கதையில ஆரம்பிச்சு, உளுந்து விலை, உங்க அத்தை முழங்கால் வலி வரைக்கும் வந்து, கடைசியில அந்தப் பிள்ளைகிட்டயே ஒரு அம்பதாயிரம் கைமாத்து கேக்குறேன். அதுக்கு அப்புறம் உனக்கும் போன் வராது, எனக்கும் வராது.